அன்பு அண்டை வீட்டாருக்கு. வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே!

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல நாயன் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகின்றது. பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும், நாகர்கோவிலிலும் நாகப்பட்டினத்திலும், சென்னை மாநகரின் தெருக்களிலும் முஸ்லிம் வீடும் கிறிஸ்தவ வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. நாம் ரமளானில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறோம். அவர்கள் டிசம்பரில் பலகாரத் தட்டு கொண்டு வருகிறார்கள். இது நெடுங்கால உறவு. இந்த உறவின் பெயராலேயே, "கிறிஸ்துமஸ் இரவன்று எங்களோடு கோயிலுக்கு வாருங்களேன்" என்ற அழைப்பும் வருகின்றது.

அழைப்பு மூன்று வழிகளில் வருவதைக் காண்கிறோம். ஒன்று, அண்டை வீட்டார் அன்போடு கூப்பிடுவது. இரண்டாவது, கிறிஸ்தவ நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்தில் பயிலும் நம் பிள்ளைகளை ஆராதனையில் நிறுத்துவது. மூன்றாவதுதான் மிகவும் கடினமானது. இஸ்லாத்தைத் தழுவிய ஒரு சகோதரியிடமோ சகோதரரிடமோ, கிறிஸ்தவராகவே இருக்கும் வயது முதிர்ந்த தாய், "வருஷத்துக்கு ஒரு நாள், எனக்காக வந்து என் பக்கத்தில் உட்காரக் கூடாதா?" என்று கேட்பது. இதற்கு மார்க்கம் என்ன விடை தருகின்றது? சிந்திப்போம்.

ஈஸா நபி நமக்கு அந்நியரா?

முதலில் ஒன்றை மனத்தில் பதிய வைத்துக் கொள்ள வேண்டும். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போக மாட்டோம் என்று ஒரு முஸ்லிம் சொல்வது, ஈஸா (அலை) அவர்கள் மீதுள்ள வெறுப்பினால் அல்ல. அவர்களை நபியென ஏற்காதவன் முஸ்லிமாகவே இருக்க முடியாது. திருமறையில் அவர்களது பெயர் 25 இடங்களில் வருகின்றது. அவர்களின் அன்னை மர்யம் (அலை) அவர்களின் பெயரில் 19-ஆம் அத்தியாயமே இருக்கின்றது. திருமறையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே பெண்மணி அவர்கள்தாம்!

ஈஸா நபியின் பிறப்பையும் நாம் ஓதாமலில்லை. பேறுகால வேதனையில் மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தின் அடிப்பாகத்தைப் பற்றிக் கொண்டதையும், அம்மரத்தை உலுக்கும்படி அவர்களுக்குக் கட்டளை வந்ததையும், பச்சிளம் குழந்தை தொட்டிலிலிருந்து பேசி, தான் அல்லாஹ்வின் அடிமை என்று அறிவித்ததையும் 19-ஆம் அத்தியாயத்தில் 23 முதல் 30 வரையுள்ள வசனங்கள் விவரிக்கின்றன. நம் அண்டை வீட்டாருக்குப் பெரும்பாலும் இது தெரியாது. நம் பிள்ளைகளுக்கே தெரியாமலிருப்பதுதான் வேதனை! தன் மார்க்கம் ஈஸா நபியைப் பற்றி என்ன சொல்கிறது என்று அறியாத பிள்ளைக்கு, மின்விளக்கு எரியும் குடில் சொல்லும் கதை மட்டும்தான் மனத்தில் தங்கும்.

அந்த இரவில் அங்கே நடப்பது என்ன?

"போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது? பாட்டுத்தானே, விளக்குத்தானே?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். அவர்கள் நம் மார்க்கத்தை எளிதாக நினைப்பது இருக்கட்டும். கிறிஸ்தவர்களின் மார்க்கத்தையும் அல்லவா வேடிக்கையாக நினைக்கிறார்கள்!

நள்ளிரவுத் திருப்பலி என்பது கச்சேரியல்ல. அது அவர்களின் வணக்கம். அதில் விசுவாசப் பிரமாணம் என்னும் நம்பிக்கை அறிக்கையை எல்லோரும் எழுந்து நின்று சொல்வார்கள். கி.பி. 325-இல் நீக்கேயாவிலும் 381-இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய அவர்களின் சங்கங்களிலிருந்து வந்த அறிக்கை அது. ஈஸா நபியை இறைவனின் குமாரர் என்றும், இறைவனிடமிருந்து ஜனித்தவர் என்றும் அது கூறுகின்றது. கத்தோலிக்கர்கள் மற்ற நாட்களில் அவர் மனிதரானதைக் கூறும் சொற்களுக்குத் தலை தாழ்த்துவார்கள். கிறிஸ்துமஸ் அன்றோ அதே சொற்களுக்கு முழங்கால் படியிடுவார்கள். அந்த நேரத்தில் அங்கே இருக்கும் முஸ்லிம் என்ன செய்வார்? எல்லோரோடும் சேர்ந்து மண்டியிட்டால் அவருடைய கலிமா என்னாவது? தனியாக நின்று கொண்டிருந்தால் அழைத்தவரின் மனம் என்னாவது?

அல்லாஹ் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்று அறிவிக்கும் 112-ஆம் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதும் நாவு நம்முடையது. எது அவர்களின் நம்பிக்கைக்கு மையமோ, அதை மறுப்பதே நம்முடைய நம்பிக்கைக்கு மையமாக இருக்கின்றது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு இருவருக்கும் நடுவே அமர இடம் எங்கே இருக்கின்றது?

இன்னொன்றையும் கவனியுங்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணையைத் தம் மார்க்கத்தைச் சேராதவருக்கு அவர்கள் கொடுப்பதில்லை. வணக்கத்துக்கு எல்லை உண்டு என்பது அவர்களுக்கும் தெரிந்த உண்மை. அந்த எல்லையைத் தெரியாமல் வரிசையில் போய் நிற்கும் விருந்தாளியால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். ஆகவே, வராமலிருப்பது அவமதிப்பு என்று எண்ணத் தேவையில்லை.

நாயகத்தின் பள்ளிவாசலில் நஜ்ரான் கிறிஸ்தவர்கள்

கருணை நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கின்றது. யமன் பக்கமுள்ள நஜ்ரானிலிருந்து சுமார் 60 கிறிஸ்தவர்கள் மதீனா வந்தார்கள். அவர்களில் பாதிரியாரும் தலைவர்களும் இருந்தார்கள். அவர்களின் வணக்க நேரம் வந்ததும் நபி (ஸல்) அவர்களின் பள்ளியிலேயே கிழக்கு நோக்கி நின்று வணங்க முற்பட்டார்கள். அவர்களை விட்டுவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கூறியதாக வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் எழுதியுள்ளார்.

எவ்வளவு பெரிய மனம்! ஆனால் அதே சமயம், அவர்களோடு சேர்ந்து கிழக்கு நோக்கி நாயகம் (ஸல்) அவர்கள் நிற்கவில்லை. தம்மோடு சேர்ந்து தொழும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தவுமில்லை. ஈஸா நபியைப் பற்றி இரு தரப்பாரும் ஒளிவு மறைவின்றிப் பேசினார்கள். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் முற்பகுதி அந்தச் சந்தர்ப்பத்தை ஒட்டி அருளப்பட்டதே. இறுதியில் அவர்கள் தங்கள் மார்க்கத்தில் இருந்தபடியே உடன்படிக்கை செய்து கொண்டார்கள்.

அதன் பின் நடந்ததுதான் நெஞ்சில் நிறுத்த வேண்டியது. ஊர் திரும்புமுன் நஜ்ரான்வாசிகள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தங்களோடு அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அபூ உபைதா (ரலி) அவர்களை எழுப்பி, இவரே இந்தச் சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர் என்ற கருத்துப்படக் கூறி அனுப்பி வைத்தார்கள். இது புகாரீ ஷரீபில் பதிவாகியிருக்கின்றது.

சிந்தித்துப் பாருங்கள்! அந்தக் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்களிடம், "எங்கள் ஆராதனையில் வந்து நில்லுங்கள்" என்று கேட்கவில்லை. "ஒரு நேர்மையான மனிதரைத் தாருங்கள்" என்றுதான் கேட்டார்கள். இன்றும் நம் அண்டை வீட்டாருக்கு நம்மிடமிருந்து வேண்டியது அதுதான். நம்பிக் கடன் கொடுக்க, நம்பிப் பெண் பிள்ளையை வீட்டில் விட்டுச் செல்ல, நம்பிச் சாவியைக் கொடுத்துப் போக ஒரு முஸ்லிம் வேண்டும்.

அபிசீனியாவும் பைத்துல் முகத்தஸும்

நுபுவ்வத்தின் 5-ஆம் ஆண்டு, கி.பி. 615-இல், மக்காவின் கொடுமை தாங்காமல் நம் முன்னோர்கள் அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தார்கள். கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் நிழலில் வாழ்ந்த அகதிகள் அவர்கள். ஈஸா நபியைப் பற்றி இவர்கள் தவறாகப் பேசுகிறார்கள் என்று குறைஷிகளின் தூதர் மூட்டி விட்டபோது, மன்னர் அழைத்துக் கேட்டார். உயிருக்கே ஆபத்தான நேரம். ஆயினும் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஒரு சொல்லையும் மறைக்கவில்லை. ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடிமை, அவனுடைய தூதர், கன்னி மர்யமிடம் அவன் போட்ட வார்த்தை என்றே கூறினார்கள். வசைச் சொல் ஒன்றும் அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. மன்னரும் அவர்களைக் கைவிடவில்லை. உண்மையை மரியாதையோடு சொன்னதால் உறவு முறியவில்லை; உறுதிப்பட்டது!

கி.பி. 637-ஐ ஒட்டிப் பைத்துல் முகத்தஸ் நகரம் உமர் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட வரலாறும் இதைப் போன்றதே. கிறிஸ்தவர்களின் பெரிய தேவாலயத்தில் அவர்கள் இருந்தபோது தொழுகை நேரம் வந்தது. தலைமைக் குரு ஸோஃப்ரோனியஸ் அங்கேயே தொழும்படி வேண்டினார். கலீஃபா அவர்கள் மறுத்து, வெளியே படிக்கட்டில் தொழுதார்கள். தாம் உள்ளே தொழுதால், பின்னால் வரும் முஸ்லிம்கள் அதைக் காரணம் காட்டித் தேவாலயத்தை எடுத்துக் கொள்வார்களே என்று அஞ்சினார்கள். இதை எழுதி வைத்தவர் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் ஒருவர் என்பதைக் கவனிக்க வேண்டும். உமர் (ரலி) அவர்களின் மறுப்பை அவர்கள் அவமதிப்பாக எடுத்துக் கொள்ளவில்லை. தங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பாகவே எண்ணினார்கள்.

நுழைவது வேறு, பங்கேற்பது வேறு

தேவாலயத்துள் காலெடுத்து வைப்பதே ஹராமா என்று கேட்பவர்கள் உண்டு. இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கின்றது. உருவங்கள் இருப்பதனால் தாம் நுழைவதில்லை என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதும், உருவங்கள் இல்லாத தேவாலயத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தொழுததும் புகாரீயில் குறிக்கப்பட்டுள்ளன. அண்ணல் நபியின் துணைவியரான உம்மு ஹபீபா, உம்மு ஸலமா (ரலி) ஆகியோர் அபிசீனியாவில் தாம் கண்ட தேவாலயத்தையும் அதிலிருந்த சித்திரங்களையும் பற்றிப் பேசியபோது, பார்த்ததற்காக நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. நல்லடியார்களின் கப்ருகள் மீது வணக்கத்தலம் கட்டி உருவங்களை வரைவதைத்தான் கண்டித்தார்கள். அந்த எச்சரிக்கை நமக்கும் உரியது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் வேலையின் பொருட்டோ கட்டடத்தைப் பார்க்கவோ உள்ளே செல்வது ஒன்று. பெருநாளன்று வணக்கத்தில் கலந்து கொள்வது முற்றிலும் வேறு. ஒருவர் புவானா என்னுமிடத்தில் ஒட்டகம் அறுப்பதாக நேர்ந்து கொண்டு நாயகத்திடம் வந்தார். அறியாமைக் காலத்தில் வணங்கப்பட்ட சிலை அங்கே இருந்ததா, அவர்களின் பெருநாள் அங்கே கொண்டாடப்பட்டதா என்று இரண்டு கேள்விகளை நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்று தெரிந்த பிறகே நேர்ச்சையை நிறைவேற்ற அனுமதித்தார்கள். இது அபூதாவூதில் உள்ளது. கிறிஸ்தவர்களின் பெருநாளன்று அவர்களது தேவாலயங்களில் நுழைய வேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் எச்சரித்ததாக பைஹகீயிலும் அறிவிப்பு இருக்கின்றது.

ஆகவே கிறிஸ்துமஸ் ஆராதனையில் கலந்து கொள்வது, பாடல்களைச் சேர்ந்து பாடுவது, மெழுகுவத்தி ஏற்றி வேண்டுவது, குடிலின் முன் கை கூப்புவது ஆகியவை முஸ்லிமுக்கு ஆகாதவை. பிள்ளை வரம் வேண்டி வேளாங்கண்ணிக்கு நேர்ந்து கொள்வதும் இதில் அடங்கும். நேர்ச்சை வணக்கம், வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே.

அண்டை வீட்டார் அழைத்தால்

"உங்கள் அன்புக்கு நன்றி. வணக்கத்தில் எங்கள் வழி வேறு. மறுநாள் உங்கள் வீட்டுக்குக் கட்டாயம் வருகிறோம்" என்று மலர்ந்த முகத்தோடு சொல்லுங்கள். வயிற்றுவலி என்றோ வெளியூர்ப் பயணம் என்றோ பொய் சொல்ல வேண்டாம். பொய் சொல்லித் தப்பினால் அடுத்த ஆண்டும் அழைப்பு வரும், அடுத்த பொய்யும் வேண்டும். உண்மையை ஒருமுறை இனிமையாகச் சொல்லிவிட்டால் அவர்களே புரிந்து கொள்வார்கள்.

சொன்னபடி வீட்டுக்குப் போய் வாருங்கள். உண்ணும் பொருளில் பேணுதல் வேண்டும். இறைச்சி யார் அறுத்தது என்பதைக் கேட்டறியலாம். பிளம் கேக்குக்கு உலர்பழங்களை ரம்மிலோ ஒயினிலோ ஊற வைப்பது பலரின் வழக்கம். அதையும் கூச்சமின்றிக் கேட்கலாம். நமக்கென்று பழமும் தேநீரும் எடுத்து வைக்கும் அண்டை வீட்டார் எத்தனையோ பேர்! வாழ்த்துச் சொல்வது பற்றி உலமாக்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்து கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்

கிறிஸ்தவப் பள்ளிகள் நம் சமுதாயத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி தந்திருப்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் ஆராதனையில் நிற்பது கல்விக் கட்டணத்தில் சேர்ந்ததல்ல. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 28-ஆம் விதியின் 3-ஆம் பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிலையத்தில் எவரையும் அவரது சம்மதமின்றி மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கு பெறச் செய்யக் கூடாது என்கிறது. சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும்.

எனவே டிசம்பர் தொடக்கத்திலேயே தகப்பனாரோ தாயாரோ தலைமை ஆசிரியரைச் சந்தித்து, பணிவோடு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். சண்டைக்குப் போவது போல் போக வேண்டாம். மர்யம் (அலை) அவர்களாகவோ ஈஸா நபியாகவோ நாடகத்தில் வேடமிடுவது நமக்குத் தகாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். "அவர்கள் கெட்டவர்கள்" என்று சொல்லாதீர்கள். "ஈஸா நபி நமக்கும் நபி, நாம் வணங்குவது அவரைப் படைத்த அல்லாஹ்வை" என்று சொல்லுங்கள். முதலாவதைக் கேட்ட பிள்ளை பகைமையைக் கற்கும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளை தவ்ஹீதைக் கற்கும்.

தாய் கேட்டால்?

இனி, இஸ்லாத்தைத் தழுவிய அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். பெற்ற தாய் கேட்கும்போது இல்லை என்று சொல்வது எத்தனை பெரிய சோதனை! இந்தச் சோதனை அல்லாஹ்வுக்குத் தெரியாததல்ல. 31-ஆம் அத்தியாயத்தின் 15-ஆம் வசனத்தில், இணை வைக்கும்படி பெற்றோர் வற்புறுத்தினால் கீழ்ப்படிய வேண்டாம் என்று கூறிய அதே மூச்சில், இவ்வுலக வாழ்வில் அவர்களோடு நல்ல முறையில் உறவாடும்படியும் கட்டளையிடுகின்றான். இஸ்லாத்தை ஏற்காத தாய் தம்மை நாடி வந்தபோது என்ன செய்வது என்று அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் கேட்டார்கள். தாயோடு உறவைப் பேணும்படியே நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

நம் ஹனஃபி மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் இந்தப் பிரச்சினையை நேரடியாகவே எடுத்துப் பேசுகின்றன. தாயோ தந்தையோ முஸ்லிமல்லாதவராக இருந்தால், பிள்ளை அவரை வணக்கத்தலத்துக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லலாகாது. ஆனால் அங்கிருந்து வீட்டுக்குக் கைப்பிடித்து அழைத்து வரலாம் என்று எழுதியிருக்கின்றார்கள். எத்தனை நுட்பமான தீர்ப்பு! வணக்கத்துக்குத் துணை போகாதே, ஆனால் இருட்டில் தாயைத் தனியே விடாதே என்பதல்லவா இதன் பொருள்?

ஆகவே சகோதரியே! உங்கள் தாயாரை உறவினர் யாரேனும் அழைத்துச் செல்லட்டும். ஆராதனை முடியும் நேரத்தில் வாசலில் நீங்கள் காத்திருங்கள். மார்கழிப் பனியில் ஒரு சால்வை கொண்டு போய்ப் போர்த்தி, ஆட்டோவில் ஏற்றி, வீட்டுக்கு அழைத்து வந்து சூடாக ஏதேனும் கொடுங்கள். காலை அவர்களோடு இருங்கள். அன்று மட்டுமல்ல, ஆண்டின் மற்ற நாட்களிலும் மருந்தும் பணிவிடையும் உங்கள் கையால் கிடைக்கட்டும். "என் மகள் மார்க்கம் மாறினாள், ஆனால் முன்னைவிட நல்ல மகளானாள்" என்று அந்தத் தாய் சொல்லும்படி நடந்து கொள்ளுங்கள்.

மறுப்பவருக்குள்ள கடமை

கடைசியாக ஒன்று. ஆராதனைக்கு வர மாட்டேன் என்று சொல்லும் உரிமை, அண்டை வீட்டாரின் ஹக்கை நிறைவேற்றுபவனின் வாயில்தான் அழகாக இருக்கும். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் கேட்டார்கள். வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று தாம் எண்ணுமளவுக்கு அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்தியதாக நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை அப்போது எடுத்துரைத்தார்கள்.

டிசம்பர் 25 சரியான பிறந்த நாள்தானா என்று அவர்களின் பண்டிகை நாளில் போய் வாதாடாதீர்கள். அவர்களின் பாடலையோ சிலையையோ ஏளனம் செய்யாதீர்கள். பிறர் வணங்குபவற்றைத் திட்டுவதை 6-ஆம் அத்தியாயத்தின் 108-ஆம் வசனம் தடுக்கின்றது. எங்கேனும் தேவாலயத்துக்குத் தீங்கு நேர்ந்தால் முதலில் வருந்துபவர்களாகவும் உதவுபவர்களாகவும் இருங்கள். இறைவனின் பெயர் கூறப்படும் மடங்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்படாமல் காக்கப்படுவதைத் தன் அருளாகவே 22-ஆம் அத்தியாயத்தின் 40-ஆம் வசனத்தில் அல்லாஹ் குறிப்பிடுகின்றான்.

நஜ்ரான் கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்தது அபூ உபைதா (ரலி) போன்ற ஒரு மனிதர். நம் தெருவிலுள்ள கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்திருப்பது நாம். அவர்கள் நம்மை நம்பும்படி நாம் வாழ்கிறோமா? இதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக் கொள்வோமாக!

யா அல்லாஹ்! எங்கள் நெற்றியை உனக்கன்றி வேறெவர் முன்பும் தாழ்த்தாமல் காத்தருள்வாயாக! எங்கள் அண்டை வீட்டார் எங்களால் நிம்மதியோடு வாழச் செய்வாயாக! எங்கள் பிள்ளைகளின் ஈமானைப் பலப்படுத்துவாயாக! உன் மார்க்கத்துக்கு வந்தவர்களையும் அவர்களின் பெற்றோரையும் அன்பால் பிணைத்து, அனைவருக்கும் நேர்வழி காட்டுவாயாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!